பேஸ் ஏக்கர்: வயலில் இல்லாத பயிருக்கு வரும் பணம்

அமெரிக்க விவசாய மானியம் என்றதும், மக்காச்சோளம் போட்டவருக்கு அந்த மக்காச்சோளத்துக்காகப் பணம் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பயிர் வருமானம் குறைந்தால் ஈடுகட்டும் ஏஆர்சி, விலை குறைந்தால் ஈடுகட்டும் பிஎல்சி என்ற இரண்டு முக்கியத் திட்டங்களிலும் அப்படி இல்லை. வேளாண் துறையின் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணின் கீழ் 'பேஸ் ஏக்கர்' என்று பயிர்வாரியாக ஒரு கணக்கு இருக்கும். பல வருடங்களுக்கு முந்தைய சாகுபடியை வைத்துப் போட்ட கணக்கு அது. இந்த வருடம் வயல் முழுக்க சோயா நின்றாலும், பேஸ் மக்காச்சோளத்தில் இருந்தால் மக்காச்சோள விலையைப் பார்த்துத்தான் பணம். எனவே நிலத்தை வாங்கும் முன்பும் குத்தகைக்கு எடுக்கும் முன்பும் எஃப்எஸ்ஏ-156இஇசட் என்ற பண்ணைப் பதிவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பேஸ் ஏக்கர், பிஎல்சி விளைச்சல் (மானியக் கணக்குக்காகப் பதிந்து வைத்த ஏக்கர் விளைச்சல்) இரண்டும் அதில் இருக்கும்.

பிஎல்சி கணக்கு எளிது. 2016 மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். சட்டம் வைத்த ஆதார விலை புஷலுக்கு (அமெரிக்கத் தானிய அளவு) 3.70 டாலர், அந்தச் சந்தை ஆண்டின் தேசிய சராசரி விலை 3.36. வித்தியாசம் 34 சென்ட். பேஸ் 100 ஏக்கர், பிஎல்சி விளைச்சல் 150 புஷல் என்றால், பேஸில் 85 சதவீதமான 85 ஏக்கருக்கு மட்டும் பணம்: 0.34 × 150 × 85 = 4,335 டாலர். இதிலும் பட்ஜெட் வெட்டு ஒன்று பிடிப்பார்கள். மக்காச்சோளச் சந்தை ஆண்டு ஆகஸ்ட் 31-ல்தான் முடிகிறது. அதனால் 2016 பயிருக்கான பணத்துக்கு 2017 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். விதைக்கும் உரத்துக்கும் இதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. 2025 சட்டம் மக்காச்சோள ஆதார விலையை 4.10 ஆக்கியது. ஒருவருக்கான உச்சவரம்பும் 1,25,000 டாலரிலிருந்து 1,55,000 ஆனது.

கவுண்டி அளவிலான ஏஆர்சியில்தான் மனக்கசப்பு அதிகம். கடந்த ஐந்து வருட விளைச்சலில் மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றுக்கும் சராசரி எடுப்பார்கள். விலைக்கும் அதே முறை. இரண்டையும் பெருக்கி வரும் தொகையில் 90 சதவீதம்தான் உத்தரவாதம். 2025-க்கு முன் 86 ஆக இருந்தது. கவுண்டியில் அந்தப் பயிரின் வருமானம் அதற்குக் கீழே போனால்தான் பணம். உங்கள் வயலை ஆலங்கட்டி அடித்துப் போட்டாலும், கவுண்டி முழுக்க நல்ல மகசூல் என்றால் ஒன்றும் வராது. சாலைக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி என்றால், ஒரே மழை, ஒரே மண், ஆனால் தொகை வேறு. தனி வயலின் நஷ்டத்துக்குப் பயிர்க் காப்பீடுதான் வழி. ஏஆர்சியை அதற்கு மாற்றாக நினைப்பது தவறு.

குத்தகை எழுதும்போது கவனம் வேண்டும். பணக் குத்தகை என்றால் மானியம் முழுவதும் உழுபவருக்கு. வாரக் குத்தகை, அதாவது விளைச்சலில் பங்கு என்றால், அதைப் பிரிக்கும் அதே விகிதத்தில் மானியமும் பிரியும். வாய்ப்பேச்சாக விட்ட குத்தகைகளில்தான் இது பெரும்பாலும் சண்டையில் முடிகிறது.

பணம் நின்றுபோவது பெரும்பாலும் காகிதத்தால்தான். வருமான வரம்புக்கான சிசிசி-941 படிவத்தில் உள்ள பெயரும் வரித்துறையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 'ஜூனியர்' விட்டுப்போனால்கூடச் சிக்கல் வரலாம். நான்கு பேர் சம பங்கு வைத்துள்ள எல்எல்சி என்ற வகை நிறுவனத்தில் ஒருவர் இந்தப் படிவத்தைக் கொடுக்கவில்லை என்றால், மொத்தத் தொகையில் கால் பங்கு போய்விடும்.

சதுப்பு நிலத்தையும் மண்ணையும் காப்பதாக உறுதி தரும் ஏடி-1026 படிவம் இன்னும் கடுமையானது. ஓர் ஓரத்தில் இருக்கும் சதுப்பு நிலத்தை வடித்துச் சாகுபடிக்குக் கொண்டுவந்தால், அந்தத் துண்டுக்கு மட்டுமல்ல, உங்கள் பெயரில் உள்ள எல்லாப் பண்ணைகளுக்கும் உதவி நிற்கலாம். வடிகால் குழாய் போடும் முன் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் தீர்மானம் வாங்குங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு வருடமும் அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய விதைத்த ஏக்கர் அறிக்கை. வசந்தகாலப் பயிர்களுக்குப் பல மாநிலங்களில் ஜூலை 15 கெடு. பேஸ் பழையது என்பதற்காக இந்த அறிக்கையைக் கொடுக்காமல் விட்டால், அந்தப் பழைய கணக்குக்கும் பணம் வராது.