அப்பா எழுபதுகளில் என்ன வேலை பார்த்தார்?

அப்பாவின் வலது நெஞ்சில் நீர் கோத்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்ததும் டி.பி. என்றார்கள். எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் நெஞ்சில் நீர் என்றால் யாருக்கும் முதலில் வாயில் வருவது அதுதான். ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்னால் அங்கே இருந்ததே டி.பி. ஆஸ்பத்திரி. ஊசி போட்டு எடுத்த நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் அதிகம், ஏ.டி.ஏ. என்ற என்சைம் அளவு 40-ஐத் தாண்டியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. இரண்டுமே டி.பி. பக்கம் கைகாட்டுபவை. ஆறு மாத மாத்திரை தொடங்கியது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, பசி அடங்கிப்போனது, நீர் மட்டும் எடுக்க எடுக்க ஊறிக்கொண்டே இருந்தது.

அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு வந்தது மீசோதீலியோமா என்ற புற்றுநோய். அதிலும் ஏ.டி.ஏ. கூடலாம், நீரில் மிதக்கும் அணுக்களை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அதுவரை பார்த்த ஒருவர்கூட அப்பா என்ன வேலை பார்த்தவர் என்று கேட்கவில்லை. சீட்டில் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்று எழுதியிருந்தது. கருங்கல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு, முப்பது வருடமாக அப்பா பால் வெட்டிக்கொண்டிருந்தார் என்பதால் அது பொய்யும் இல்லை.

நாகர்கோவிலில் இருக்கும் ஒரு நுரையீரல் டாக்டர்தான் சி.டி. படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெரியவரே, ரப்பர் இருக்கட்டும். முப்பது நாப்பது வருஷம் முன்னால எங்க இருந்தீங்க?"

"பம்பாயில. லேக்கிங் வேலை."

கப்பலின் கொதிகலன், நீராவிக் குழாய் இவற்றின் மேல் சூடு வெளியே போகாமலிருக்கப் போர்வைபோல ஒன்றைச் சுற்றிப் பூசுவதுதான் லேக்கிங். அந்தக் காலத்தில் அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் என்ற கல்நார்தான். படத்தில் நுரையீரல் உறை கட்டி கட்டியாகத் தடித்திருந்தது. அங்கங்கே சுண்ணாம்பு படிந்த தட்டுகளும் இருந்தன. அந்தத் தட்டுகள் புற்றுநோய் இல்லை, இந்த ஆள் எப்போதோ ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்திருக்கிறார் என்பதற்கான தடயம் என்று டாக்டர் விரலால் தொட்டுக் காட்டினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நுரையீரலைச் சுற்றியும் நெஞ்சுக்கூட்டின் உள்பக்கமும் மெல்லிய சவ்வு இருக்கிறது; குடலைச் சுற்றியும் அதே வகைச் சவ்வு உண்டு. அந்தச் சவ்வில் வரும் புற்றுநோய்தான் மீசோதீலியோமா. நுரையீரலுக்குள்ளே வரும் புற்றுநோய் வேறு. ஆஸ்பெஸ்டாஸ் இழை உடையும்போது நீளவாக்கில் பிளந்து மேலும் மேலும் மெலியும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு. மூச்சோடு ஆழத்துக்குப் போய்ச் சவ்வை எட்டிவிட்டால் உடம்பால் அதைக் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அங்கேயே கிடந்து புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். வேலை பார்த்த காலத்துக்கும் நோய் தலைகாட்டும் காலத்துக்கும் இடையே 20 முதல் 50 வருடம்வரை ஆகும். ஊருக்கு வந்து ரப்பர் வெட்டிப் பேரப்பிள்ளைகளையும் பார்த்த பிறகு வருவதால் யாருக்கும் பழைய வேலை நினைவுக்கு வருவதில்லை.

உறுதிசெய்ய சதை எடுத்துப் பார்க்க வேண்டும். விலாவில் சின்னத் துளை போட்டுக் கேமரா குழாயை விட்டு, சவ்வில் பல இடங்களிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். தோராக்கோஸ்கோப்பி என்று பெயர். அதன் பிறகும் மைக்ராஸ்கோப்பில் பார்த்த உடனே சொல்லிவிட மாட்டார்கள். நுரையீரலிலிருந்து பரவும் அடினோகார்சினோமா என்ற புற்றுநோயும் கிட்டத்தட்ட இதைப்போலவே இருக்குமாம். இம்யூனோ என்று சொல்லப்படும் சாயப் பரிசோதனைகள் செய்ய வேண்டும். அப்பாவுக்குக் கால்ரெட்டினின், டபிள்யூ.டி.1 இரண்டும் பாசிட்டிவ், டி.டி.எஃப்.1, சி.இ.ஏ. இரண்டும் நெகட்டிவ். அதாவது நுரையீரலிலிருந்து பரவியது இல்லை, மீசோதீலியோமாதான். எப்பித்தீலியாய்டு வகை என்று எழுதியிருந்தது. மூன்று வகைகளில் இதுதான் அதிகம் வருவது, கொஞ்சமாவது மருந்துக்குக் கட்டுப்படுவதும் இதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், அதைப் பிளாக் என்பார்கள். பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்க வேண்டும். குமரியின் மேற்குப் பகுதிக்காரர்கள் பலரைப்போல நாங்களும் திருவனந்தபுரம் ரீஜனல் கேன்சர் சென்டருக்குத்தான் போனோம். எந்தப் பெரிய புற்றுநோய் மையத்துக்குப் போனாலும் அந்தப் பிளாக்கை அவர்கள் தாங்களே ஒருமுறை பார்ப்பார்கள். அது கையில் இல்லையென்றால் பலவீனமாக இருக்கும் மனுஷனுக்கு மறுபடியும் துளை போட வேண்டிவரும். எல்லை தாண்டிப் போகிறவர்கள் நம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதையும் போவதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் டாக்டர் எங்களுக்குக் கொடுத்த பெரிய வேலை அப்பாவின் வேலை வரலாற்றை எழுதிக்கொண்டு வரச் சொன்னது. எந்த வருடம், எந்த ஊர், என்ன வேலை, கையில் என்ன பொருள், கூட யார். "பத்துப் பதினஞ்சு வரியில இருந்தாப் போதும், ஆனா அவர் சொல்லணும், நீங்க யூகிச்சு எழுதக்கூடாது" என்றார்.

அப்பாவுக்கு வருடங்கள் நினைவில்லை. ஆனால் சம்பவங்கள் இருந்தன. விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறந்தது 1970. அதற்கு இரண்டு வருடம் கழித்துத் திருநெல்வேலி போய் ரயிலேறினாராம். "நம்ம ஊருக்கு ரயிலு வந்தது நான் பம்பாயில இருக்கச்சதான் மக்ளே, லெட்டரு போட்டிருந்தா உங்கம்மா." கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1979. அடுத்த வருடம் குவைத். சதாம் படை குவைத்துக்குள் நுழைந்தது 1990 ஆகஸ்டில். அப்பா பாலைவனம் கடந்து அம்மான் போய், விமானம் ஏறி, உடுத்த துணியோடு வீடு வந்தார். கம்பெனிக் காகிதங்கள் எல்லாம் அங்கேயே போயின.

பம்பாய்க் காலத்துக்கு மட்டும் ஆதாரம் கிடைத்தது. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அப்பா போட்ட இன்லண்டு லெட்டர்கள் இருந்தன. பின்பக்கம் காண்டிராக்டர் விலாசம். ஒரு கடிதத்துக்குள் கப்பல் தளத்தின் கேட் பாஸ், போட்டோ ஒட்டி, பெயருக்குக் கீழே 'லேக்கர்' என்று டைப் அடித்தது. அந்தக் கடிதங்களை நான் வாசிக்க வேண்டாம் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். விலாசத்தையும் தபால் முத்திரைத் தேதியையும் அவரே வாசித்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

மற்றதை அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார். பழைய கப்பல் வந்தால் முதலில் பழைய லேக்கிங்கை உளியால் கொத்தி எடுக்க வேண்டும். எஞ்சின் அறையில் காற்றே கிடையாது; தூசி இறங்க வெகு நேரமாகும். பிறகு சாக்கிலிருந்து வெள்ளைப் பொடியை டிரம்மில் கொட்டி, தண்ணீர் விட்டு, கையாலேயே பிசைந்து குழாயில் அப்ப வேண்டும். அதன்மேல் ஆஸ்பெஸ்டாஸ் துணி. வளைவுகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு. "மாஸ்க்கா? தோர்த்து கெட்டுவோம். மத்தியானம் சோறு தின்னுட்டு அந்தச் சாக்கு மேலதான் கெடப்போம். நல்ல பதமா இருக்கும் மக்ளே." அதில் ஆபத்து இருக்கிறதென்று யாராவது சொன்னார்களா என்று கேட்டேன். "சிமெண்டுக்கு இருக்க ஆபத்துதான்னு நெனச்சோம்."

1960-லேயே தென்னாப்பிரிக்காவில் வாக்னர் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் 33 மீசோதீலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஏறக்குறைய எல்லோரும் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியோடு தொடர்புள்ளவர்கள். சிலர் சுரங்கத்தில் வேலையே பார்க்காமல் பக்கத்தில் வாழ்ந்தவர்கள். அப்பா பம்பாய் போனது அதற்குப் பன்னிரண்டு வருடம் கழித்து. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை.

ஊரில் எல்லோரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. கடற்கரைப் பக்கத்துச் சொந்தங்கள் மணவாளக்குறிச்சி மணலைச் சொன்னார்கள். அந்த மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் கதிர்வீச்சுள்ள தோரியம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்பாவின் படத்திலிருந்த தட்டுகளுக்கு மணல் காரணமாக முடியாது என்றார் டாக்டர். சித்தப்பா பீடியைச் சொன்னார். அப்பா பீடி குடித்தவர்தான். ஆனால் பீடி சிகரெட்டால் மீசோதீலியோமா வருவதில்லை. இதை நான் சொன்னபோது அப்பா முகத்தில் ஒரு தெம்பு வந்தது. நாற்பது வருடம் அம்மாவிடம் வாங்கிய திட்டுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டதல்லவா.

சிகிச்சையைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. ஆப்பரேஷனுக்கு உடம்பு தாங்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நீர் திரும்ப ஊறாமலிருக்க இரண்டு சவ்வுகளையும் ஒட்டவைக்க டால்க் பவுடர் உள்ளே தெளித்தார்கள். "திருப்பியும் வெள்ளப் பொடியா?" என்று அப்பா கேட்டதற்கு டாக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கீமோ மருந்து பெமெட்ரெக்ஸெட், கூடவே கார்போபிளாட்டின், மூன்று வாரத்துக்கு ஒருமுறை. வழக்கமாகச் சிஸ்பிளாட்டின் கொடுப்பார்கள், அப்பாவின் கிட்னிக்கு அது ஆகாது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மருந்து ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி தினமும் தர வேண்டும், பி12 ஊசி ஒன்பது வாரத்துக்கு ஒன்று. சத்து மாத்திரைதானே என்று விட்டுவிட்டால் இரத்த அணுக்கள் சரிந்துவிடும். சாளைக் குழம்பு இரும்பு மணக்கிறது என்று தள்ளிவிட்டார். மரச்சீனிக் கிழங்கும் கஞ்சியும்தான் கடைசிவரை இறங்கின.

எவ்வளவு காலம் என்று டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். 2003-இல் வெளியான பெரிய ஆய்வில், பெமெட்ரெக்ஸெட்டும் சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தார்கள், சிஸ்பிளாட்டின் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் ஒன்பது மாதத்துக்குச் சற்று மேல் என்று விளக்கினார். மறைக்காமல் சொன்னதற்கு இன்றும் அவருக்கு நன்றி சொல்வேன். அப்பா அடுத்த கிறிஸ்துமஸ் கழிந்து போனார்.

நஷ்டஈடு பற்றிக் கேட்பவர்களுக்கு: 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலேயே ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் இருந்தன (2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்தது). 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து குறைந்தது 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனால் அப்பாவின் காண்டிராக்டர் விலாசத்துக்குப் போட்ட ரிஜிஸ்டர் தபால் திரும்பி வந்துவிட்டது. யார்மேல் மனு போடுவது என்று வக்கீல் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. ஒரே கம்பெனியில் வேலை பார்த்து, பி.எஃப். எண்ணோ இ.எஸ்.ஐ. எண்ணோ இருப்பவர்கள் இதை விடக்கூடாது.

அம்மா கல்யாணம் கழிந்து இரண்டு வருடம் பம்பாயில் அப்பாவோடு இருந்தவர். வேலைத் துணியை உதறித் துவைத்தது அவர்தான். துணியில் ஒட்டி வீட்டுக்கு வரும் தூசியாலும் இந்த நோய் வருவதுண்டு என்பதால் அவரையும் காட்டினோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முன்கூட்டியே கண்டுபிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் காத்திராமல் வாருங்கள், வரும்போது இந்த வேலை வரலாற்றுத் தாளையும் கொண்டுவாருங்கள் என்றார் டாக்டர். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட எங்கள் தொழுவத்தைப் பற்றியும் கேட்டேன். உடையாமல் இருக்கும் ஷீட்டைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது; அறுப்பதும் துளைப்பதும் உடைப்பதும்தான் தூசி கிளப்பும். மாற்றத்தான் வேண்டுமென்றால் நன்றாக நனைத்து, முழுசாக இறக்கச் சொன்னார்.

அப்பா சொல்லி நான் எழுதிய தாளில் கூட வேலை பார்த்தவர்கள் என்று சில பெயர்கள் இருந்தன. உயிரோடு இருப்பவர்களில் ஒருவர் குழித்துறைக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர். அவருக்கு நோய் எதுவும் இல்லை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவருக்கும் ஒரு வேலை வரலாறு எழுதி, சர்க்கரை நோய்க்குப் போகும் ஆஸ்பத்திரி ஃபைலில் ஒரு நகலை வைத்தேன். அப்பாவுக்கு மறந்துபோன ஒரு கப்பல் தளத்தின் பெயர் அவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் புகையும் ஒரே நெஞ்சில் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு பல மடங்கு ஏறும் என்பதையும் சொன்னேன். "பீடிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னுல்லா உங்கப்பன் எங்கிட்ட போன்ல சொன்னான்" என்றார். அது மீசோதீலியோமாவுக்கு மாமா, நுரையீரல் புற்றுநோய் வேறே என்று மறுபடியும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. பீடியைக் குறைத்திருக்கிறார். இன்னும் விடவில்லை.