மாடி இல்லாதவர்களின் தோட்டம்

சென்னையின் கொத்தவால் சாவடி மொத்தக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. அங்கிருந்து எங்கள் வியாசர்பாடிக்கு வந்து சேர்வதற்குள் கீரைக்கட்டு துவண்டுவிடுகிறது. தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டப் பொருள்களை மானிய விலையில் தருகிறது, நல்லதுதான். ஒண்டுக்குடித்தனத்தில் மாடி யாருடையது? துணி உலர்த்தினாலே வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார்.

எங்கள் தெருக்கோடியில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தின் ஓரமாக, எதிர்வீட்டு அக்கா உடைந்த பக்கெட்டில் முளைக்கீரை விதைத்தார். 25ஆம் நாள் வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, எனக்கும் ஒரு பிடி கொடுத்தார். அன்று மதியமே கடைந்துவிட்டேன்.

அந்த இடத்தையே தெருவுக்கான பொதுத் தோட்டமாக்கலாம். விதைக்குப் பெரிய செலவில்லை. தண்ணீருக்கும் வேலிக்கும்தான் பணம் வேண்டும் (ஆடுகள் இருக்கின்றனவே!). தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதி. ஈயம் கீரையில் ஏறும் என்பதால் மண் பரிசோதனையும் அவசியம். பூங்காவில் நீரூற்று வைக்க நிதி கிடைக்கிறது. ஒரு குழாய் கேட்டால் மட்டும் கையை விரிக்கிறார்கள்.