கேமராவை நிறுத்திவிட்டு ரெண்டர் போடுங்கள்

என் 3டி அனிமேஷன் ஃபைனல் ப்ராஜெக்ட்டுக்கு ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். டெக்னிக்கல் பகுதியில் எதிர்பார்த்ததைவிட நல்ல மார்க். கதைக்குப் போட்டதைப் பற்றிப் பேச வேண்டாம், வயிறு எரிகிறது. டர்பனில் அடுத்த வருடம் ஃபைனல் ப்ராஜெக்ட் கொடுக்கப்போகும் நம் பிள்ளைகள் சிலர், ரெண்டரை எப்படிச் சுத்தமாக எடுத்தேன் என்று கேட்டார்கள். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். மாடலிங், ரிக்கிங் எல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பேசப்போவது ரெண்டரில், அதாவது மெஷின் காட்சியைப் படமாகக் கணக்கிடும்போது, வரும் நாய்ஸும் (புள்ளி புள்ளியான இரைச்சல்) ஃப்ளிக்கரும் (ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மினுங்குவது) மட்டும். மார்க் போடும் பேனல் பெரிய திரையில் ஓடவிட்டு இருட்டு மூலையைத்தான் முதலில் துருவுகிறது.

என் ஷாட்: இரவு, பூஜை அறை, ஒரே ஒரு குத்துவிளக்கு, அதைச் சுற்றி மெதுவாக நகரும் கேமரா. ஒளிக்கதிர்களைத் தற்செயலாகத் தெறிக்கவிட்டு வெளிச்சத்தைக் கணக்கிடும் பாத் ட்ரேஸிங்குக்கு இதைவிடக் கொடுமை இல்லை. சின்னச் சுடரின் வெளிச்சம் பித்தளையில் பட்டுச் சுவரில் தெறிக்கும். ஃபயர்ஃப்ளை எனும் தனித்தனிப் பளிச் புள்ளிகளுக்கு அதுதான் தாய்வீடு. டெஸ்ட் ரெண்டரில் சுவர் முழுக்க எறும்பு ஊர்வது போல இருந்தது. கேப் டவுனில் ஸ்டூடியோ வேலையில் இருக்கும் சீனியர் அக்காவுக்கு அனுப்பி, "சாம்பிளை ஏத்தட்டுமாக்கா?" என்று கேட்டேன். (சாம்பிள் என்றால் ஒரு பிக்சலுக்கு எத்தனை கதிர் விட்டுப் பார்க்கிறோம் என்பது.)

"ஏத்துறது இருக்கட்டும் தம்பி. மொதல்ல கேமராவை நிறுத்து, சுடரையும் நிறுத்து. ஸீட் மட்டும் மாறட்டும். பத்து ஃப்ரேம் போட்டு ஓட்டிப் பாரு."

ஸீட் என்பது நாய்ஸ் புள்ளிகள் எப்படிச் சிதறும் என்பதைத் தீர்மானிக்கும் எண். இதை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். எல்லாம் அசையாமல் நிற்கும்போதும் சுவர் துடித்தால் அது நாய்ஸ். சாம்பிள் போதவில்லை, டீநாய்ஸர் (நாய்ஸைத் துடைக்கும் கருவி) ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக ஊகித்துப் பூசுகிறது. நிற்கும்போது சுத்தமாக இருந்து, கேமரா நகர்ந்ததும் மினுங்கினால் அது வேறு நோய். சாம்பிளுக்குச் செலவழிக்கும் நேரம் பெரும்பாலும் வீண். எனக்கு இரண்டும் இருந்தன. சுவர் நாய்ஸ். ஜன்னல் கொசுவலை தூரத்தில் பிக்சலைவிட மெலிசாகி அலையடித்தது. வலையை எடுத்துவிட்டுப் பாதி ஒளி ஊடுருவும் வெறும் பிளேன் வைத்தேன், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கோலமும் தரையும் ஒரே மட்டத்தில் இருந்ததால் அங்கேயும் இரண்டும் கலந்து மினுங்கியது. கோலத்தை ஒரு மில்லிமீட்டர் தூக்கியதும் நின்றது.

இனி கணக்கு. நொடிக்கு 25 ஃப்ரேம், 40 நொடி என்றால் 1000 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 3 நிமிடம் என்றால் 50 மணி நேரம். நாய்ஸைப் பாதியாக்க சாம்பிளை நான்கு மடங்கு ஏற்ற வேண்டும், அதாவது ஏறக்குறைய 200 மணி நேரம். லோட் ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) இல்லாத வாரத்திலும் ஏரியா டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும் டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டில் அது நடக்கிற காரியமா?

நான் செய்தவை (பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில்):

- காஸ்டிக்ஸ் (பளபளப்பில் பட்டுக் குவிந்து விழும் ஒளி) ஆஃப். விளக்கடியில் ஒளிக்கோடு வேண்டுமென்றால் ஒரு பொய் லைட் போதும்.
- இன்டைரக்ட் கிளாம்ப் (தெறித்து வரும் ஒளிக்கு உச்சவரம்பு) 10 என்று வரும். குறைத்தால் ஃபயர்ஃப்ளை அடங்கும், பித்தளையின் உயிரும் கொஞ்சம் போகும். பார்த்துப் பார்த்துக் குறையுங்கள்.
- ஸீட்டை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் புள்ளிகள் திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பொருள்கள் அதற்கடியில் நகரும்.
- டீநாய்ஸருக்கு ஆல்பெடோ (பரப்பின் சொந்த நிறம்), நார்மல் (பரப்பு பார்க்கும் திசை) இரண்டையும் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் படம் ஓரளவு தெளிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் திட்டுத் திட்டாக நீந்தும்.
- என்விடியா கார்டு இருந்தால் ஆப்டிக்ஸின் டெம்போரல் டீநாய்ஸிங். முந்தைய ஃப்ரேமையும் பார்த்துச் செய்வதால் திட்டு நீந்துவது அடங்குகிறது. அதற்கு வெக்டர் பாஸ் (எந்தப் பிக்சல் எங்கே நகர்ந்தது என்ற தகவல்) வேண்டும். மோஷன் ப்ளர் (அசைவில் வரும் மங்கல்) போட்டால் வெக்டர் பாஸ் வராது. மெதுவான கேமராவுக்கு மோஷன் ப்ளர் எதற்கு என்று நான் தூக்கிவிட்டேன். சண்டைக் காட்சி எடுப்பவர்கள் என் பேச்சைக் கேட்காதீர்கள்.

வி-ரே என்ற வேறு ரெண்டரர் வைத்திருப்பவர்களுக்கு: இர்ரேடியன்ஸ் மேப் (சில இடங்களில் மட்டும் ஒளியைக் கணக்கிட்டு இடையை ஊகித்து நிரப்பும் முறை) ஃப்ரேமுக்கு ஃப்ரேம் புதிதாகக் கணக்கிட்டால் சுவர் மேகம் மேகமாக மாறும். ஊகிக்காமல் எல்லா இடத்தையும் நேராகக் கணக்கிடும் ப்ரூட் ஃபோர்ஸுக்குப் போங்கள்.

வீடியோ ஃபைலாக நேரடியாக ரெண்டர் போடவே போடாதீர்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் தனி ஈஎக்ஸ்ஆர் படமாகத்தான். ஓவர்ரைட் (இருக்கும் ஃபைல் மேல் எழுதுவது) ஆஃப், ப்ளேஸ்ஹோல்டர் (ஃப்ரேம் தொடங்கியதும் வெறும் ஃபைல் வைப்பது) ஆன் வைத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பார்கள். உண்மைதான், ஆனால் கரண்ட் போன நொடியில் இருந்த ஃப்ரேமுக்கு வெறும் ஃபைல் ஒன்று கிடக்கும். மெஷின் அதை முடிந்ததாக நினைத்துத் தாண்டிவிடும். கரண்ட் வந்ததும் ஃபோல்டரை அளவுவாரியாக அடுக்கி, சைஸ் இல்லாததை அழித்துவிட்டுத் தொடருங்கள்.

அப்புறம், கடைசி எம்பி4. பிட்ரேட் (வீடியோவில் நொடிக்கு எவ்வளவு டேட்டா) கஞ்சத்தனமாக இருந்தால் இருட்டுச் சுவரில் பட்டை பட்டையாக விழும். பேனல் அதையும் ரெண்டர் கோளாறு என்றுதான் எழுதும். கொடுப்பதற்கு முன் விளக்கை அணைத்து, வீட்டு டிவியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். லேப்டாப் திரையில் அது பல நேரம் தெரியாது.