சேலைன் குழாயில் ஏறி இறங்கும் தண்ணீர்

நெஞ்சில் தண்ணீர் கட்டின புற்றுநோய்க்காரருக்கு முதுகுப் பக்கம் ஊசி போட்டு அந்தத் தண்ணீரை எடுப்பது, கொழும்பில் நான் வேலை செய்யும் வாட்டில் கிட்டத்தட்டத் தினமும் நடக்கும். எவ்வளவு எடுப்பது என்று கேட்டால் ஒரு தடவைக்கு ஒன்றரை லீற்றர், அதுக்கு மேல் வேண்டாம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நீர் எடுக்க எடுக்க நெஞ்சுக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கிறது எல்லாம் பாடப்புத்தகத்தில் படித்ததோடு சரி.

பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்று இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு ஐயாவுக்கு நீரை முழுக்க எடுத்துவிட்டு, திரும்பச் சேராமல் இருக்க டால்க் பவுடர் விட்டோம். நுரையீரல் விரிந்து நெஞ்சுச் சுவரைத் தொட்டால்தான் டால்க் இரண்டையும் ஒட்டவைக்கும். அவருடைய நுரையீரல் மேலே புற்றுநோய் தோல் மாதிரிப் படர்ந்து அதை இறுக்கிப் பிடித்திருந்தது, அது விரியவே இல்லை. காய்ச்சலும் வலியும்தான் மிச்சம், நீர் பழையபடி வந்துவிட்டது. அவருக்கு மிஞ்சியிருந்த கொஞ்ச நாளில் ஒரு கிழமையை நாங்கள் வாட்டிலேயே எடுத்துக்கொண்டோம்.

அதுக்கு அப்புறம்தான் அழுத்தத்தை அளக்கத் தொடங்கினேன். நீர் போன இடத்துக்கு நுரையீரல் விரிந்து வராவிட்டால் அழுத்தம் வேகமாக விழும். பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. சேலைன் நிரப்பின குழாய் ஒன்றை ஊசியோடு பொருத்தி, கட்டிலுக்குக் கீழே வளைவாகத் தொங்கவிட்டு, மறு முனையை ஸ்டாண்டில் அடிமட்டத்தோடு ஒட்டிவிடுவேன். ஊசி ஏறின மட்டம்தான் பூச்சியம். மூச்சு விடும்போது தண்ணீர் ஏறும், இழுக்கும்போது இறங்கும், இருமினால் துள்ளும். ஆகவே அவசரப்படாமல் நாலைந்து மூச்சு பார்த்துத்தான் எண்ணை எழுத வேண்டும்.

போன வருஷம் கொட்டாஞ்சேனையிலிருந்து மார்புப் புற்றுநோயோடு ஒரு அம்மா வந்தார். முதல் அளவு 9 சென்டிமீற்றர். அரை லீற்றர் எடுத்ததும் பூச்சியத்துக்குக் கீழே 5. அதாவது அரை லீற்றருக்கே 14 விழுந்திருக்கிறது, லீற்றர் கணக்கில் 28. லீற்றருக்கு 14.5க்கு மேல் போனாலே நுரையீரல் லேசில் விரியாது என்று சந்தேகப்பட வேண்டும். இன்னும் 200 மில்லிலீற்றர்தான் எடுத்தேன், தண்ணீர் பூச்சியத்துக்குக் கீழே 13க்குப் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து அவர், "தம்பி, நெஞ்சுக்குள்ள என்னமோ பிடிச்சு இழுக்குற மாதிரி இருக்கு" என்றார். அதோடு நிறுத்திவிட்டேன்.

இதில் ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே 20 வந்தால் நிறுத்து என்ற எல்லையை 1980ல் லைட் என்ற அமெரிக்க மருத்துவரும் கூட இருந்தவர்களும் முன்வைத்தார்கள். 2019ல் அமெரிக்காவில் 124 நோயாளிகளை வைத்து, அழுத்தம் பார்த்து எடுப்பதையும் நோயாளிக்கு வருகிற தொந்தரவை மட்டும் பார்த்து எடுப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது நெஞ்சு அசௌகரியத்தில் வித்தியாசம் இருக்கவில்லை. எப்போது நிறுத்துவது என்பதற்கு அந்த அம்மாவின் வாயே போதும், ஆனால் அவருக்குப் புரிகிற பாஷையில் "என்ன செய்யுது அம்மா" என்று கேட்க ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சிங்களம் மட்டுமே ஓடும் வாட்டில் தமிழ் நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருப்பதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை அழுத்தம் உதவுவது அடுத்த முடிவுக்கு. இந்த நுரையீரல் விரியுமா, டால்க் போட்டால் ஒட்டுமா, இல்லை வீட்டிலேயே வடிக்கிற மாதிரி நிரந்தரக் குழாய்தான் நல்லதா? ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இந்த அளவை வைத்தே சிகிச்சையைத் தெரிவுசெய்து பார்க்கும் ஆய்வும் நடந்திருக்கிறது. இது ஒன்றே தீர்ப்பு என்று நான் சொல்ல வரவில்லை, எக்ஸ்ரேயும் ஸ்கேனும் சேர்த்துத்தான் பார்க்கிறோம்.

அந்த அம்மாவின் எக்ஸ்ரேயில் நுரையீரல் கீழ்ப்பக்கம் விரியாமலேயே இருந்தது. டால்க் பேச்சை எடுக்காமல் குழாய் வைத்தோம். கையைக் கழுவி, மூடியைத் துடைத்து, போத்தலைக் கொளுவி வடிக்க அவருடைய மகள் இரண்டு நாளில் பழகிக்கொண்டார். கிளினிக்குக்கு வந்தபோது கொப்பி ஒன்றில் ஒவ்வொரு நாள் அளவையும் எழுதிக் கொண்டுவந்திருந்தார், 300, 250, 300 என்று. பக்கத்திலேயே சின்ன எழுத்தில், "இன்றைக்கு அம்மா மாடிப்படி ஏறினா."