‘கிஃப்ட்’ என்று மட்டும் எழுதாதீர்கள்

வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்புகிறவர்கள் பெட்டிக்கும் டேப்புக்கும் காட்டுகிற அக்கறையைச் சுங்கப் படிவத்துக்குக் காட்டுவதில்லை. கவுன்டரில் நின்றபடியே இரண்டு நிமிடத்தில் கிறுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். சுங்க விதிகள் கெடுபிடியான நாட்டுக்குப் போகும் பார்சல் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தால்தான்.

அங்கே இருக்கும் அதிகாரிக்கு நீங்கள் யாரென்று தெரியாது. முன்கூட்டியே கணினியில் வந்த தகவல், பெட்டிமேல் ஒட்டிய படிவம், உள்ளே இருக்கும் பொருள் ஆகிய மூன்றையும்தான் அவர் ஒப்பிடுவார். மூன்றும் ஒத்துப்போனால் பெட்டி நகரும். அந்த முன்தகவலை உலக அஞ்சல் ஒன்றியம் 2021 ஜனவரி 1 முதல், பொருள் அடங்கிய சர்வதேச அஞ்சலுக்குக் கட்டாயமாக்கியது. கையால் எழுதிக் கொடுத்தால் அதை வேறொருவர் பார்த்துத் தட்டச்சு செய்வார். அவசரத்தில் பாதியை விட்டுவிடுவார். ஆன்லைனில் படிவம் நிரப்பும் வசதி இருந்தால் நீங்களே நிரப்பி அச்சிட்டுக் கொண்டுபோங்கள்.

2 கிலோவுக்குள் இருக்கும் சிறு பொட்டலத்தின் மதிப்பு 300 எஸ்டிஆருக்குள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) என்றால் சிஎன் 22 என்ற சின்னப் படிவம் போதும். அதைத் தாண்டினாலோ பெரிய பார்சல் என்றாலோ சிஎன் 23. கூரியரில் இதற்குப் பதிலாக இன்வாய்ஸ் கேட்பார்கள்.

எந்தப் படிவமானாலும் உயிர்நாடி பொருள் விவரம் எழுதும் வரிதான். ‘துணி’, ‘பரிசு’, ‘உதிரிபாகம்’, ‘சொந்த உபயோகப் பொருள்’ என்றெல்லாம் எழுதினால் அது விவரமே ஆகாது. ஏற்கத் தகாத இப்படிப்பட்ட சொற்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படும், எத்தனை, புதியதா பழையதா: இந்த ஐந்தும் வரியில் இருக்க வேண்டும்.

ஒரு சட்டையையே எடுத்துக்கொள்வோம். ‘சட்டை 3’ என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. ‘ஆண்கள் சட்டை, 100% பருத்தி, நெய்த துணி, புதியது, 3’ என்றால் ஹெச்எஸ் கோடு (பொருள்களை வகைப்படுத்தச் சுங்கத் துறைகள் பயன்படுத்தும் எண்) 6205.20 என்று அவரால் உடனே சொல்லிவிட முடியும். அதே பருத்திச் சட்டை பின்னலாடையாக இருந்தால் 6105.10. டி-ஷர்ட் என்றால் 6109.10. கண்ணுக்கு எல்லாம் சட்டைதான். கோடு மாறினால் சில நாடுகளில் வரி விகிதமும் மாறும். முதல் 6 இலக்கங்கள் உலகம் முழுவதும் பொது. அதற்குப் பின்னால் வருபவை அந்தந்த நாடு சேர்த்துக்கொள்பவை. அதனால் பெறும் நாட்டின் சுங்க இணையதளத்தில் தேடி, முழு எண்ணையும் பார்த்துக்கொள்வது நல்லது. பெட்டியில் ஐந்து வகைப் பொருள் இருந்தால் ஐந்து வரி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எடை, தனி மதிப்பு. எடைகளைக் கூட்டினால் பெட்டியின் மொத்த எடைக்குச் சற்றுக் குறைவாக வர வேண்டும். கூடினால் சந்தேகம் வரும்.

அடுத்தது மதிப்பு. குறைத்துப் போட்டால் வரி மிச்சம் என்று நினைப்பவர்கள் நிறைய. இணையத்தில் அதே பொருளின் விலையைப் பார்க்க அதிகாரிக்கு ஒரு நிமிடம் போதும். பார்த்துவிட்டால் ரசீது கேட்பார், அபராதமும் போடலாம். பார்சல் தொலைந்தாலும் நீங்கள் எழுதிய மதிப்புக்கு மேல் இழப்பீடு கிடைக்காது. ‘பரிசு’ என்ற கட்டத்தை டிக் செய்தால் வரியே கிடையாது என்பதும் தவறு. தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு 45 யூரோ, பிரிட்டனில் 39 பவுண்டு. அதற்கு மேல் போனால் வரி உண்டு.

வரி எவ்வளவு வரும் என்று முன்பே கணக்குப் போட்டுப் பெறுபவரிடம் சொல்லிவிடுங்கள். பொருள் 100, அனுப்பும் செலவு 30, காப்பீடு 2 என்றால் பல நாடுகள் 132-ஐத்தான் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். சுங்க வரி 10% என்றால் 13.20. இரண்டையும் கூட்டி வரும் 145.20-க்கு விற்பனை வரி 18% என்றால் 26.14. ஆக, 100 மதிப்புள்ள பொருளுக்கு 39.34 வரி. அமெரிக்கா போன்ற நாடுகள் சுங்க வரிக்குப் பொருளின் விலையை மட்டும் எடுத்துக்கொள்ளும். கூரியரில் வரியை அவர்களே முன்கூட்டிக் கட்டிவிட்டு, அதற்கெனத் தனிக் கட்டணம் சேர்த்து வசூலிப்பதும் உண்டு. இதெல்லாம் தெரியாமல் இருக்கும் பெறுபவர் வாசலில் பில்லைப் பார்த்ததும் பார்சலே வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அப்படித் திரும்பி வரும் பெட்டிகள் ஏராளம்.

பெறுபவரின் அடையாள எண் கேட்கும் நாடுகள் உண்டு. பிரேசிலில் 11 இலக்க சிபிஎஃப் எண். தென்கொரியாவில் ‘பி’ எழுத்தும் 12 இலக்கங்களும் கொண்ட சுங்க எண். எண்ணோடு பதிவாகியிருக்கும் பெயரையே, எழுத்துக்கூட்டல் மாறாமல், முகவரியிலும் எழுதுங்கள். செல்லப் பெயர் எழுதினால் அங்கேயே நின்றுவிடும்.

போன வருடம் போன வழியில் இந்த வருடமும் போகும் என்று நம்ப வேண்டாம். 800 டாலருக்குள் வரியில்லை என்றிருந்த அமெரிக்கச் சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் எல்லா நாடுகளுக்கும் நின்றது. அந்தச் சமயத்தில் பல நாட்டு அஞ்சல் துறைகள் அங்கே பார்சல் அனுப்புவதையே தற்காலிகமாக நிறுத்திவைத்தன. அனுப்புகிற வாரத்தில் விதியை மறுபடி பாருங்கள்.

பேட்டரி விஷயத்தில் துளியும் அசட்டை கூடாது. பவர்பேங்கோ தனி லித்தியம் பேட்டரியோ விமான அஞ்சலில் போகாது. சாதனத்துக்குள் பொருத்தியதை மட்டும், அதுவும் சில நாடுகளுக்கு மட்டும், வரம்புக்குள் ஏற்பார்கள். மறைத்து வைத்தால் எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அது விமானத்தில் தீப்பிடிக்கக் கூடிய பொருள்.

பேக்கிங் செய்யும்போது, இந்தப் பெட்டியை ஒருவர் நடுவழியில் திறந்து மறுபடி மூடுவார் என்று வைத்துக்கொண்டே செய்யுங்கள். ஒவ்வொரு பொருளையும் தனித்தனி ஒளிபுகும் பையில் போட்டு, படிவத்தின் வரிசை எண்ணையே பைமேல் ஒட்டுங்கள். பரிசுத் தாள் சுற்றினால் கிழித்துத்தான் பார்ப்பார்கள். ரசீதின் நகல் ஒன்றை உள்ளே மேலாக வையுங்கள். மரப்பெட்டி என்றால், மரத்தோடு பூச்சிகள் பரவாமல் தடுக்கும் சர்வதேச விதியான ஐஎஸ்பிஎம் 15-இன் முத்திரை வேண்டும்: பெரும்பாலும், மரத்தின் மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் சூடேற்றியதற்கான அடையாளம் அது.

பார்சல் படிவத்தின் ஒரு மூலையில், சேர்க்க முடியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்கும் கட்டம் இருக்கும்: திருப்பி அனுப்பு, அல்லது கைவிடு. யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. திரும்பி வரும் செலவை உங்களிடம்தான் கேட்பார்கள். அது பொருளின் விலையைத் தாண்டும் என்றால், கவுன்டரில் கொடுப்பதற்கு முன்பே ‘கைவிடு’ என்பதை டிக் செய்துவிடுங்கள்.