மைக்ரோவேவுக்கு ஒரு தண்ணீர்ப் பரீட்சை

எங்கள் வீட்டு மைக்ரோவேவ் முன்னைப்போல் சூடாக்குவதில்லை என்பது அம்மாவின் புகார். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நாமே அளந்துவிடலாமே என்று தோன்றியது.

செலவில்லாத சோதனைதான். கிண்ணத்தில் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். கலக்கி, வெப்பநிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். முழு சக்தியில் 2 நிமிடம். வெளியே எடுத்ததும் மறுபடி நன்றாகக் கலக்கி அளக்க வேண்டும். கலக்காவிட்டால் மேலே ஒரு அளவு, அடியில் ஒரு அளவு காட்டும். தெர்மாமீட்டரை உள்ளே விட்டுவிட்டு ஓட்டக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஏறிய டிகிரியை 35-ஆல் பெருக்கினால் வாட். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடாக ஏறக்குறைய 4,190 ஜூல் வேண்டும். அதை 120 விநாடியால் வகுத்தால் வருவதுதான் அந்த 35.

சாயங்காலம் பார்த்தபோது 28-லிருந்து 46 டிகிரி. அதாவது 630 வாட். பெட்டியில் போட்டிருப்பது 800. கிண்ணமும் காற்றும் கொஞ்சம் சூட்டைத் தின்னும், அதனால் கணக்கு எப்போதும் சற்றுக் குறைவாகத்தான் வரும். ஆனாலும் 170 வாட் அதிகம். அப்போது ஸ்டெபிலைசரில் 190 வோல்ட் என்று காட்டியது. இன்வெர்ட்டர் (மின் கட்டின்போது உதவும் பேட்டரி இன்வெர்ட்டர் அல்ல, அடுப்புக்குள்ளேயே இருக்கும் மின்னணுச் சுற்று) இல்லாத பழைய மாடல்களில் மின்னழுத்தம் இறங்கினால், நுண்ணலைகளை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானின் சக்தியும் இறங்கிவிடும்.

மறுநாள் அதிகாலை, 230 வோல்ட் இருக்கும்போது, அதே தண்ணீர் அளவு, அதே கிண்ணம்: 28-லிருந்து 49 டிகிரி. 735 வாட். சரி, மெக்கானிக் வேண்டாம். அம்மாவிடம் சொன்னேன். "அப்போ சாம்பாரைக் காலையிலேயே சுட வைக்கணுமா?" என்றார்.