ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறவர்களுக்கு: கைடுக்கு முன்னால் கவிதை

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கைடு வாங்கலாம் அக்கா?" என்பதுதான். முதல் மாதம் எந்தக் கைடும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நானும் தமிழ்வழியில் படித்து, அரசுக் கலைக்கல்லூரியில் இதே பாடத்தை எடுத்துப் படித்தவள். அந்தப் பயம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். இது ஆங்கிலம் பேசப் பழக்கும் படிப்பு அல்ல. இலக்கணத்துக்கும் ஒலியியலுக்கும் ஓரிரு தாள்கள் இருக்கும். மற்றவை உரைநடை, கவிதை, நாடகம், நாவல், இலக்கிய வரலாறு, இங்கிலாந்தின் சமூக வரலாறு, திறனாய்வு. பேச்சு வரும், ஆனால் படிப்பின் பின்னாலேயே மெதுவாகத்தான் வரும். சரளமாகப் பேசத் தெரிந்த நகரத்துப் பிள்ளைகளைப் பார்த்து ஒடுங்கிப்போக வேண்டாம். பழைய கவிதை ஒன்றின் முன்னால் அவர்களும் அகராதியோடுதான் உட்கார வேண்டும்.

அந்த முதல் மாதத்தில் என்ன செய்வது? பாடத்திட்டத்திலேயே மிகச் சிறிய கவிதையை எடுத்து, அதோடு நாள்கணக்கில் இருங்கள். எடுத்துக்காட்டாக, ஷேக்ஸ்பியரின் 154 சானெட்டுகளில் 73ஆவதை எடுத்துக்கொள்வோம். 1609இல் அச்சான தொகுப்பில் உள்ளது. சானெட் என்பது பதினான்கே அடிகள் கொண்ட கவிதை வடிவம். "முதுமையைப் பற்றிய கவிதை, மூன்று உருவகங்கள்" என்று கைடு முடித்துவிடும். அது தவறில்லை. ஆனால் மூலத்தை வாசித்தால் இரண்டாம் அடியிலேயே கண் தடுக்கும். கிளையில் மஞ்சள் இலைகள், அல்லது ஒன்றுமே இல்லை, அல்லது ஏதோ சில என்கிறார். மஞ்சள் இலைகள், பிறகு சில, கடைசியில் ஒன்றுமில்லை என்பதுதானே இயல்பான வரிசை? சந்தத்துக்காக மாற்றினார் என்றும் சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் none, few இரண்டுமே ஓரசைச் சொற்கள். இடம் மாற்றி வைத்தாலும் ஓசை கெடாது. எல்லாம் உதிர்ந்துவிட்டது என்று சொன்ன வாய் உடனே, இல்லை, கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்று பற்றிக்கொள்கிறது. வயதாவதை வெளியிலிருந்து வர்ணிக்கிறவர் இப்படிச் சொல்லமாட்டார். தனக்கு வயதாவதைத் தானே பார்க்கிறவர்தான் சொல்வார்.

மேலே போங்கள். முதல் நான்கு அடிகளில் ஆண்டின் முடிவு, அடுத்த நான்கில் ஒரு நாளின் அந்தி, அதற்கடுத்த நான்கில் அணையப்போகும் தணல். ஆண்டு நாளாகச் சுருங்கி, நாள் சில நாழிகையாகச் சுருங்குகிறது. இதை நீங்களே கண்டுபிடித்துவிட்டால் தேர்வறையில் மறக்காது. பத்து மதிப்பெண் விடையின் நடுப்பகுதி அப்போதே உங்கள் கையில் இருக்கிறது.

நான்காம் அடியில், இலையுதிர்ந்த கிளைகளை, தேவாலயத்தில் பாடகர்குழு நின்று பாடிய இடம் பாழாய்க் கிடப்பதோடு ஒப்பிடுகிறார். அதென்ன பாழடைந்த தேவாலயம் என்று கேட்டால் சமூக வரலாற்றுத் தாளுக்குப் போக வேண்டும். எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடாலயங்களைக் கலைத்தார். கூரை இழந்த அந்தக் கட்டடங்கள் ஷேக்ஸ்பியர் காலத்தில் கண்முன்னே நின்றன. மாணவர்கள் வெறுத்து ஒதுக்கும் சமூக வரலாறு, இந்த ஓரடிக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்தத் தாளைத் தனியாக மனப்பாடம் செய்யாமல், படிக்கும் நூல்களோடு சேர்த்துப் படியுங்கள். இன்னொன்றைப் பாருங்கள்: இங்கிலாந்தில் 1642இல் நாடக அரங்குகள் மூடப்பட்டு, 1660இல் மன்னராட்சி திரும்பிய பிறகே மீண்டும் முறையாகத் திறந்தன. பெண்கள் தொழில்முறை நடிகைகளாக மேடையேறியதும் அதன் பிறகுதான். அப்படியானால் ஷேக்ஸ்பியரின் நாயகிகளாக நடித்தவர்கள் சிறுவர்கள். 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தின் வயோலா, ஆண் வேடமிட்ட பெண். அந்தப் பெண்ணாக நடித்தவனும் ஒரு பையன். இப்படிப் படித்த ஆண்டுகள் மனத்தை விட்டுப் போகாது.

யாப்பு என்றதும் நம் பிள்ளைகள் மிரள்கிறார்கள். நேர், நிரை பிரித்துப் பழகியவர்களுக்கு அடியைப் பகுப்பது புதிதல்ல. ஆனால் அடிப்படை வேறு. நம் அசைக்குக் குறில், நெடில், ஒற்று கணக்கு. அங்கே குரலின் அழுத்தம் கணக்கு. ஷேக்ஸ்பியரின் சானெட்டில் அழுத்தமில்லாத அசையும் அழுத்தமுள்ள அசையும் மாறி மாறி ஐந்து முறை வந்தால் ஓரடி. தமிழில் சொல்லழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை. அதனால் ஆங்கிலத்தையும் ஒரே சீராக வாசித்துவிடுகிறோம், ஓசை பிடிபடுவதில்லை. லிப்ரிவாக்ஸ் தளத்தில் பழைய நூல்களின் ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கேளுங்கள், கூடவே மேசையில் தட்டுங்கள். கூச்சம் பார்க்காதீர்கள்.

நாடகத்தைத் தனியாகப் படிக்கவே வேண்டாம். வகுப்பு முடிந்ததும் நான்கு பேர் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டு உரக்க வாசியுங்கள். ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'தில் கொலை முடிந்த கையோடு கதவு தட்டப்படும் சத்தம் கேட்கும். தோழி ஒருத்தி உண்மையிலேயே பெஞ்சைத் தட்டியபோதுதான் அந்தக் காட்சியின் நடுக்கம் எங்களுக்குப் புரிந்தது. அந்தத் தட்டலைப் பற்றி மட்டுமே டி குயின்சி என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் 1823இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். திறனாய்வு என்பது எங்கிருந்து பிறக்கிறது என்பதை அதைப் படித்தால் உணரலாம்.

நாவலுக்குத் தேவை பொறுமையும் கணக்கும். ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' 61 அத்தியாயங்கள். நாளுக்கு மூன்று என்றால் மூன்று வாரத்தில் முடிந்துவிடும். தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நிற்காதீர்கள். அது கவிதைக்கு மட்டும். தமிழ் மொழிபெயர்ப்பு கிடைத்தால் முதலில் அதைப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி தேர்வு. பழைய வினாத்தாள்களை முதல் வாரமே சேகரித்துவிடுங்கள். விடையின் முதல் வாக்கியத்திலேயே உங்கள் கருத்தைச் சொல்லிவிடுங்கள். ஆசிரியரின் பிறப்பு வளர்ப்பில் ஒரு பக்கத்தை வீணாக்க வேண்டாம். கதை நிகழ்ச்சிகளை நிகழ்காலத்தில் எழுதுவதே இத்துறை மரபு. வாக்கியங்கள் குட்டையாக இருக்கட்டும். நீண்ட வாக்கியத்தில்தான் இலக்கணம் வழுக்கும். பத்து வரிகளை அரைகுறையாக ஒப்பிப்பதைவிட, நான்கு சொற்கள் கொண்ட மேற்கோள் இரண்டைப் பிழையின்றி எழுதுவது மேல். கைடை இப்போது திறக்கலாம். நீங்கள் எழுதியதோடு ஒப்பிட்டு, விட்டதைச் சேர்க்க மட்டும்.

எம்.ஏ.வுக்குப் பிறகு, கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் எழுத நினைப்பவர்களுக்கு ஒரு சொல். மூன்று மணி நேரம், 150 கேள்விகள், 300 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. நூல்களைக் கால வரிசையில் அடுக்கு, ஆசிரியரோடு பொருத்து என்ற வகைக் கேள்விகள் நிறைய வரும். ஆழ்ந்த வாசிப்பு மட்டும் அங்கே போதாது. அதற்கு பி.ஏ. முதலாண்டிலிருந்தே ஒரு நோட்டில், படித்த நூலின் பெயரையும் ஆண்டையும் அதே காலத்தில் வந்த இன்னொரு நூலையும் எழுதி வாருங்கள். எம்.ஏ. முடிக்கும்போது அந்த நோட்டைவிட நல்ல வழிகாட்டி கடையில் கிடைக்காது.